இறந்தோன் ஏவலும் ஈமக்கடனும்

ஒருவன் தான் ஈட்டிய நிலமும் பொன்னும் தன் காலத்துக்குப் பின்னர் இன்னார்க்குச் செல்க என எழுதிவைப்பானாயின், அவ்வெழுத்தை நியாயஸ்தலம் ஏற்று நிறைவேற்றும். அவனே தன் உடலை இன்ன இடத்தில் அடக்குக, அல்லது எரியூட்டுக, இன்ன கிரியை செய்க, இன்னது செய்யற்க என எழுதிவைத்தால் அவ்வெழுத்து யாரைக் கட்டும்? உடலினும் நெருங்கிய உடைமை ஒருவனுக்கு வேறில்லை என்பது உலகத்தார் எண்ணம். ஆதலின் நிலத்தைக் குறித்த ஏவல் செல்லுமாயின் உடலைக் குறித்த ஏவல் அதனினும் வலிதாய்ச் செல்லவேண்டும் எனப் பலரும் கருதுவர். சட்டத்தின் சரித்திரமோ இதற்கு மாறாக நடந்திருக்கின்றது.

சைவ நன்மக்களுக்கு இவ்வாராய்ச்சி புறம்பானது அன்று. தீக்கை பெற்றோர்க்கு அந்தியேட்டி என்பது உறவினர் விரும்பினாற் செய்து விரும்பாவிடின் விடும் சடங்கு அன்று. அவரவர் பெற்ற தீக்கைக்கு ஏற்ப ஆசாரியரால் ஆற்றப்படுவது. அகோரசிவாசாரியார் பத்ததி முதலியன அதற்குத் தனி விதி வகுத்துள்ளன. ஞானியர் உடலை எரித்தல் தகாது, குகை அமைத்து இருத்துதல் வேண்டும் என்பதைத் திருமூலர் திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்துள் ‘சமாதிக் கிரியை’ என ஓர் அதிகாரமே வகுத்து விளக்கியருளினார். இம்முறைகளில் உறுதி பூண்ட ஒருவர், வேறு கொள்கையுடைய மக்களையோ சுற்றத்தாரையோ விட்டு நீங்கும்பொழுது, அவர் எழுதிவைத்த ஏவல் எத்துணை வலியுடையது என்று அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

இக்கேள்வி மிகப் பழையது. உரோமரது சட்ட நூலாகிய ‘டைஜெஸ்ட்’ 533-ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் என்னும் சக்கரவர்த்தியால் வெளியிடப்பெற்றது. அதனுள் மொடஸ்டீனஸ் என்னும் சட்ட அறிஞர் கூறியதொன்று காணப்படுகின்றது. ஒருவன் மற்றொருவனைத் தன் வாரிசாக நியமித்து, தன் எச்சங்களைக் கடலில் எறிய வேண்டுமென நிபந்தனை விதித்தான். வாரிசோ எறியாது புதைத்துவிட்டான். நிபந்தனை தவறியமையால் அவன் உரிமையை இழப்பானோ எனின், முதற்கண் அச்சாசனம் எழுதியவன் தெளிந்த அறிவுடையவனாய் இருந்தானா எனப் பார்க்கவேண்டும் என்கிறார் மொடஸ்டீனஸ். அவ்வையம் நீங்கியபின், மனிதன் நிலையை நினைந்து எச்சங்களைப் புதைத்த வாரிசு குற்றஞ் சாட்டத்தக்கவன் அல்லன், புகழத்தக்கவனே என முடிக்கின்றார். இறந்தவனுடைய சொல்லைவிட உயிரோடிருப்போரின் தகுதியுணர்ச்சியே மேலானது என்னும் கருத்து அன்றே வேரூன்றிவிட்டது என்க.

இங்கிலாந்தில் இதற்கு அடிப்படையாக நின்றது வேறொரு வழக்கு. 1614-இல் ஹேன்ஸ் என்பவன் இரவிற் புதைகுழிகளைத் தோண்டி, மூன்று ஆடவர் ஒரு பெண் ஆகிய நால்வர் உடல்மேற் போர்த்திய சீலைகளைத் திருடினான். சீலை யாருடையது என்பது வினா. பிணம் ஒன்றும் உடைமை கொள்ளமாட்டாது, ஆதலின் சீலை அதனை வாங்கிப் போர்த்தியவருடையதே என நீதிபதிகள் முடிவு செய்தனர். இதனை எழுதிவைத்தவர் எட்வர்ட் கோக் என்னும் பெருஞ் சட்ட அறிஞர். பிணம் உடைமை கொள்ளாது என்பதே அவ்வழக்கின் முடிவு. பின்வந்தோர் அதனைப் புரட்டி, பிணமே ஒருவர்க்கும் உடைமை ஆகாது என்று விரித்துக்கொண்டனர். இரண்டும் ஒன்றல்ல என்பது சிறிது நோக்குவார்க்கு விளங்கும். ஆயினும் கோக் தாமே மற்றொரு நூலில், பிணம் ஒருவர் பொருளும் அன்று, அதனைப் பற்றிய விசாரணை திருச்சபை நியாயஸ்தலத்துக்கு உரியது என்று எழுதியிருத்தலின், விரித்தோர்க்கு ஆதாரம் முற்றிலும் இல்லை என்றல் கூடாது.

இக்கொள்கை ஒரு சாசனத்தோடு நேரே மோதியது 1882-இல் ஆகும். அவ்வழக்கைச் சற்று விரிவாகவே கூறுதல் தகும்.

ஹென்றி கிராக்கெண்டன் என்பவர் தம் சாசனத்துக்கு ஒரு பின்சேர்க்கை எழுதினார். தாம் இறந்தபின் தம் உடலைத் தம் நண்பராகிய எலைஸா வில்லியம்ஸ் என்னும் பெண்மணியிடம் ஒப்புவித்தல் வேண்டும், அவர் தமக்குத் தனியே எழுதிய கடிதத்திற் கண்டவாறு அதனைச் செய்வார், அதற்காகும் செலவைச் சாசனத்தை நிறைவேற்றுவோர் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. கடிதத்திற் கண்டது யாதெனின், உடலை விறகடுக்கில் எரித்துச் சாம்பலை வெட்ஜ்வுட் என்னும் பெயர்பெற்ற வேலைத்தலத்துக் கலம் ஒன்றில் இடுக என்பதாகும். அக்காலத்து இங்கிலாந்தில் பிணம் எரித்தல் பெரும்பாலோர்க்கு அருவருப்பான செய்தி. ஸர் ஹென்றி தாம்ப்ஸன் என்னும் மருத்துவர் எரியூட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கியதே 1874-இல் தான். 1875-இல் கிராக்கெண்டன் இறந்தார். குடும்பத்தாரோ சாசனத்தைப் பொருட்படுத்தாது அவரை இலண்டன் பிராம்ப்டன் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

எலைஸா வில்லியம்ஸ் அவ்வளவில் விட்டாரில்லை. வேறோர் இடத்துத் திருநிலைப்படுத்திய மண்ணில் அடக்கவேண்டும் என்று கூறி, உடலை எடுப்பதற்கு உள்நாட்டு மந்திரியிடம் அநுமதி பெற்றார். பெற்று, உடலை இத்தாலி நாட்டு மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலைச் சொன்ன கலத்திலே இட்டார். இதற்கு ஆன 321 பவுன் செலவையும் சாசனத்தின்படி தருக என நிறைவேற்றுவோர்மீது வழக்குத் தொடுத்தார்.

கே என்னும் நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவர் கூறிய காரணம் இது: ஆங்கிலச் சட்டத்தில் பிணம் ஒருவர்க்கும் உடைமை ஆகாது. உடைமையல்லாத ஒன்றைச் சாசனத்தால் ஒருவர்க்குக் கொடுத்தல் இயலாது. ஒருவன் இறந்தபின் அவனுடலைக் காத்து அடக்கம் செய்யும்வரை வைத்திருக்கும் உரிமை சாசனத்தை நிறைவேற்றுவோருடையது. ஆகவே அவ்வுடலை மற்றொருவர்க்குக் கொடுக்குமாறு எழுதிய ஏவல் அவர்களைக் கட்டாது. ஏவலே செல்லாதபோது அதனைச் சார்ந்த செலவும் செல்லாது. மேலும் அநுமதியைப் பெற்றது பொய்க்காரணம் காட்டியாதலின், அவ்வகையாலும் வழக்கு நில்லாது என்றார். எரித்தல் சட்டத்துக்கு உட்பட்டதா அன்றா என்பதை மட்டும் அவர் முடிவு செய்யாது விட்டார்.

இத்தீர்ப்பை வாசிக்கும்போது அப்பெண்மணியிடத்து இரக்கம் தோன்றாமற் போகாது. நண்பர்க்குக் கொடுத்த சொல்லை அவர் காத்தார். ஆனால் காத்த வழி பொய்யோடு கூடியது. நம் நாட்டிலும் கொடுத்த சொல்லைக் காத்தமை பற்றிய செய்திகள் உண்டு. பட்டினத்தடிகள் துறவு பூண்டபின்னும், தாயார் இறந்தவழித் தாமே வந்து ஈமக்கடன் ஆற்றுவதாகக் கூறியிருந்த சொல்லின்படியே வந்து எரியூட்டினார் என வழங்கி வருகின்றது. மயிலையிற் சிவநேசர் தம் மகளின் சாம்பலையும் என்பையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்திற் காத்தது, சம்பந்தப் பிள்ளையாருக்கே அவளை உரியவளாக்கிய சொல் பற்றி. இவற்றுள் ஒன்றும் நியாயஸ்தலத்தின் ஆணையால் நடந்தது அன்று.

கே நீதிபதி விட்டுவிட்ட கேள்வியை இரண்டு ஆண்டுகளில் வேறொருவர் எடுத்தார். வேல்ஸ் நாட்டில் லான்டிரிஸன்ட் என்னும் ஊரில் வில்லியம் பிரைஸ் என்னும் மருத்துவர் இருந்தார். பண்டைய துரூயிதர் சமயத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்ட அம்முதியவருக்கு 83 வயதில் பிறந்த ஆண்குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது. 1884 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் அக்குழந்தையின் உடலை எரிக்கத் தொடங்கினார். கோயிலினின்று வந்த மக்கள் கண்டு கொதித்தெழுந்தனர். போலீசார் அவரைப் பிடித்தனர். கார்டிப் நகரில் விசாரித்தவர் ஸர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இப்பெயர் நம் நாட்டுச் சட்டம் பயின்றார்க்குப் புதியதன்று. 1872-இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தை இயற்றியவர் அவரே. இந்திய அரசின் சட்ட உறுப்பினராக இருந்து, எரியூட்டுதலே பெருவழக்காக உள்ள நாட்டைக் கண்ணாற் கண்டு சென்றவர். பிறர்க்குத் தொல்லை விளையாதவாறும், மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கமின்றியும் எரிப்பின், எரித்தல் குற்றம் ஆகாது என்று அவர் விளக்கினார். பிரைஸ் விடுதலை பெற்றார்.

அதன்பின் 1885 மார்ச்சில் வோக்கிங் என்னும் இடத்துச் சங்கத்தின் சுடலையில் முதல் எரியூட்டு நிகழ்ந்தது. 1902-இல் எரியூட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. பிரைஸ் 1893 ஜனவரியில் இறந்தார். தாம் விரும்பியவாறே அம்மலைமேல் ஏறக்குறைய 20,000 பேர் காண எரிக்கப்பெற்றார். கவனிக்க வேண்டுவது ஒன்று. ஸ்டீபன் எரித்தலைக் குற்றமன்று என்றாரேயன்றி, எரிக்குமாறு எழுதிய ஏவல் பிறரைக் கட்டும் என்று கூறினாரில்லை. பிரைஸின் விருப்பம் நிறைவேறியது குடும்பத்தார் உடன்பட்டமையால். ஜெரமி பெந்தம் என்னும் தத்துவ அறிஞர் 1832-இல் இறந்தபோது, தம் உடலை அறுத்து ஆராய்ந்து எலும்புக்கூட்டைத் தம் உடையணிந்து இருத்துமாறு எழுதிவைத்தது நிறைவேறியதும் அத்தன்மையதே. அவர் நண்பராகிய மருத்துவர் ஸவுத்வுட் ஸ்மித் அதனைக் குருவாக்கியமெனக் கொண்டு செய்தார். இலண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் அவ்வுருவம் காக்கப்பட்டு வந்திருக்கின்றது.

ஆங்கில நாட்டில் நம்மவர் முறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. முதல் உலகப் போரிற் காயமுற்று பிரைட்டனிற் சிகிச்சை பெறுங்கால் இறந்த இந்து, சீக்கிய வீரர் 53 பேர் அந்நகரை அடுத்த பாட்சம் குன்றின்மேல் திறந்த வெளியில் எரிக்கப்பெற்றனர். அவ்விடத்துச் சத்திரி என்னும் நினைவுமண்டபம் 1921-இல் திறக்கப்பட்டது. ஆயினும் போர்க்காலத்து இடங்கொடுத்தது பின்னர் எல்லார்க்கும் உரிமையாகிவிடவில்லை. நியூகாஸில் நகரத்தில் வாழ்ந்த இந்து முதியவர் ஒருவர், தாம் இறந்தபின் சூரிய ஒளி படும் சிதையில் எரியவேண்டும், அடைத்த கட்டடத்தில் எரிதல் தம் சமயத்துக்கு ஒவ்வாது எனக் கூறி இடம் கேட்டார். நகரசபை மறுத்தது. 2009-இல் உயர்நீதிமன்றமும் மறுத்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, ‘கட்டடம்’ என்னும் சொல்லைத் தாராளமாகக் கொண்டு, சுவர் முழுதும் அடையாது, கூரையிலும் திறப்புள்ள அமைப்பாயினும் அது கட்டடமே, அவ்வகை அமைப்பில் விறகுச் சிதையில் எரித்தல் 1902-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறன்று எனத் தீர்த்தது. இது பெருநன்மையே. ஆனால் இங்கும் வெல்லப்பட்டது இடத்தின் உரிமையேயன்றி, இறந்தபின் தம் சுற்றத்தாரைக் கட்டும் வலிமையன்று.

பிரெஞ்சு நாட்டார் வேறு வழி சென்றனர். அங்கு 1887 நவம்பர் 15-ஆம் நாள் இயற்றிய சட்டம், சாசனம் எழுதும் தகுதியுள்ள ஒவ்வொருவரும் தம் ஈமச் சடங்கு சமயமுறையிற் செய்யப்படுமா அன்றா, உடல் எவ்வாறு செய்யப்படும் என்பதைத் தாமே நிர்ணயிக்கலாம் என்றது. இறந்தவரின் விருப்பம் அறிந்தும் அதற்கு மாறாகச் செய்வோர் தண்டனைக்கும் உள்ளாவர். குருமாரும் குருமாரை வெறுப்போரும் ஓயாது போராடிய நாட்டில், மரணப்படுக்கையைச் சூழ்ந்து எழும் பூசலைத் தீர்க்க அச்சட்டம் எழுந்தது. பூசல் தீர்க்கும் வழிகளுள் இதுவே நேரியது எனத் தோன்றுகின்றது. ஆங்கிலச் சட்டம் பிணத்தை விரைந்து அடக்குதலே பொதுநன்மை என்று கருதி, முடிவு செய்யும் பொறுப்பை உயிரோடிருக்கும் ஒருவர் கையிற் கொடுக்கின்றது. அதன் நோக்கமும் பயனற்றது அன்று. ஆயினும் வாழ்நாள் முழுதும் ஒரு நெறியில் நின்றவனை, கடைசியில் அந்நெறியை இகழ்வோர் கையிற் கொடுத்துவிடுதற்கு அது இடந்தருகின்றது.

இனி, இந்தியாவுக்கு வருவோம். இங்கும் நியாயஸ்தலங்கள் பெரும்பாலும் ஆங்கிலர் கொள்கையையே பின்பற்றின. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இறந்தவனது நிலைக்கும் தகுதிக்கும் ஏற்ற ஈமச் செலவை ஏனைக் கடன்களுக்கெல்லாம் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்கின்றது. அது செலவைப் பற்றியது. முறையைப் பற்றியது அன்று. இதற்கு யாவரும் அறிந்த உதாரணம் ஜவஹர்லால் நேரு அவர்களின் சாசனம். தமக்குச் சமயச் சடங்கு எதுவும் செய்யலாகாது, சாம்பலிற் சிறிது கங்கையில் இடுக, பெரும்பகுதியை விமானத்தினின்று உழவர் நிலத்தில் தூவுக என்று 1954-இல் எழுதினார். 1964 மே மாதம் அவர் இறந்தபோது வைதிகச் சடங்குகள் செய்யப்பட்டன. சாம்பல் பற்றிய விருப்பமோ நிறைவேறியது. ஒரு சாசனத்திலேயே ஒரு பாதி நடந்தது, மறு பாதி நடந்திலது. நாட்டின் பிரதமர் எழுத்துக்கே நிலை இதுவாயின், ஏனையோர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

சமாதி பற்றிய தீர்ப்புக்கள் நம்மவர்க்கு இன்னும் நெருங்கியவை. தன் கணவனது சமாதியில் நித்திய பூசையும் ஆண்டுதோறும் குருபூசையும் நடத்தற்பொருட்டு ஒரு கைம்பெண் நிலம் எழுதிவைத்தாள். 1953-இல் உச்சநீதிமன்றம் அவ்வறக்கட்டளை செல்லாது என்றது. சாதாரண மனிதன் ஒருவன் சமாதியை என்றென்றும் வழிபடுதல் இந்து சாத்திரங்களால் புண்ணியமாகக் கொள்ளப்பட்டது அன்று. ஒருவர் தாமே அதனை நம்புதல் மட்டும் போதாது. சமாதி எழுப்பி வழிபடும் வழக்கம் பரவிய சமூகத்தில் மட்டும் அது வேறாகலாம் என்பது அதன் கருத்து. சென்னை உயர்நீதிமன்றம் முன்னரே 1940-களில் இவ்வாறு தீர்த்திருந்தது. மகான்களின் சமாதி இவ்வகைத் தனிமனிதர் சமாதியினின்று வேறானது என்றும் உச்சநீதிமன்றம் குறித்தது. அவ்வேறுபாடு நமக்குப் பெரிதும் வேண்டப்படுவது. ஆதீனங்களின் குருமூர்த்தங்களும், சித்தர் சமாதிகளும், இராமநாதபுரத்துத் தாயுமானவர் சமாதியும் தமிழ்நாட்டில் வழிபடப்படுவன. யார் மகான், யார் சாதாரண மனிதர் என்பதை நியாயஸ்தலம் எங்ஙனம் அளந்தறியும் என்னும் வினா மட்டும் தீராது நிற்கின்றது. பரம்பரை, குருபூசை, அடியார் கூட்டத்தின் நெடுங்கால வழிபாடு ஆகிய புறச்சான்றுகளையே அது நோக்கமுடியும். ஞானத்தை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. அதனை எதிர்பார்த்தலும் முறையன்று.

சித்தாந்தத்தின் நோக்கில் இதனைச் சிறிது ஆராயின், ஒரு வியப்பு எதிர்ப்படும். பிணம் ஒருவர்க்கும் உடைமை அன்று என்ற கோக்கின் கூற்று நமக்கு அயலானதன்று. தனு கரண புவன போகங்கள் மாயையினின்று இறைவனால் உயிரின் கன்மத்துக்கு ஏற்பக் கொடுக்கப்படுவன. உயிர் அவற்றை நுகர்வது, ஆக்கியது அன்று. கொடுத்தவன் மீட்டுக்கொண்டபின் ‘என் உடல்’ என எழுதிவைக்க அதற்கு என்ன உரிமை? அவ்வாறாயின் அந்தியேட்டி பற்றியும் சமாதி பற்றியும் ஏவல் எழுதுதல் பற்றுடைமையேயாம் எனச் சிலர் தடைநிகழ்த்துவர். அத்தடை பொருந்தாது. தீக்கையுற்றவன் தன் அந்தியேட்டியை விரும்புதல் உடலின்மேல் வைத்த ஆசையால் அன்று; குருவின் வழியாக வந்த ஆணையை இறுதிவரை காத்தற்பொருட்டு. ஞானியின் உடலை எரிக்கலாகாது என்பதும் அவ்வுடல் அவர் உடைமையென்பதால் அன்று. சிவம் விளங்கிய இடம் என்பதால். கோக்கு உடைமையில்லை என்றதால் ஏவலுக்கும் வலியில்லை என்பது பெறப்பட்டது. நமக்கோ உடைமையில்லை என்பதே கடமை வேறோரிடத்தினின்று வருகின்றது என்பதற்குக் காரணமாய் நிற்கின்றது.

ஆயினும் நியாயஸ்தலம் இக்கடமையை அறியாது. ஆதலின் செய்யத்தக்கதை இங்கே சொல்லிவிடுதல் நன்று. உடலைக் காக்கும் உரிமை சாசனத்தை நிறைவேற்றுவோருடையது என்பதே 1882-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். கிராக்கெண்டன் எலைஸா வில்லியம்ஸை நிறைவேற்றுவோருள் ஒருவராகவே நியமித்திருந்தால், அவர் உரிமையைக் குறைகூற எளிதில் ஒருவராலும் இயன்றிராது. தம் நெறியில் நிற்கும் ஒருவரையே நிறைவேற்றுவோராக எழுதுதலும், ஆசாரியர்க்கு முன்னரே அறிவித்தலும், விருப்பத்தைச் சாசனத்துள் மட்டும் பொதிந்துவைக்காது தனி எழுத்தாகவும் கொடுத்தலும் வேண்டும். சாசனம் பெரும்பாலும் எரித்தோ புதைத்தோ முடிந்தபின்பே திறந்து வாசிக்கப்படுகின்றது. ஒருவர்க்குக் கொடுக்கும் பொருளை இன்ன கிரியை செய்தாற் பெறுக என நிபந்தனையோடு கொடுத்தலும் உண்டு. மொடஸ்டீனஸின் தீர்ப்பை நினைந்தால் அதுவும் முழுக்காப்பு ஆகாது.

உடலின் உறுப்பைக் கொடுத்தலில் மட்டும் இந்தியச் சட்டம் இறந்தோன் எழுத்துக்குச் சிறிது வலிமை தந்துள்ளது. 1994-ஆம் ஆண்டு உறுப்புமாற்றுச் சட்டத்தின்படி, சாட்சிகள் முன்னிலையில் ஒருவர் எழுதிவைத்திருப்பின், உடலை வைத்திருப்போர் அதற்கு வசதி செய்து கொடுத்தல் வேண்டும். அவ்வாறு உறுப்புக் கொடுத்த தீக்கையுடையார்க்கு அந்தியேட்டி எவ்வாறு செய்யப்படும் என்பது பத்ததிகளை வைத்து ஆசாரியர்கள் ஆராய்ந்து கூறவேண்டிய வேறொரு பொருளாகும்.